குழந்தைகளின் டிஎம்எஸ்ஏ ஸ்கேனில் சிறுநீரகத் தழும்பை எண்ணாகச் சொல்வது எப்படி?

பரிதி_நிரல் (கேள்வி)

வணக்கம். குழந்தைகளுக்கு எடுக்கும் டிஎம்எஸ்ஏ ஸ்கேனில் (கதிரியக்க மருந்தை ஊசியில் செலுத்தி, சிறுநீரகத்தின் வெளித்திசுவான புறணி அதை எவ்வளவு ஏற்கிறது என்று காமா கேமராவில் எடுக்கும் படம்) சிறுநீரகத் தழும்பை அளக்க ஒரு நிரல் எழுதிக்கொண்டிருக்கிறோம். சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வந்த பிள்ளைகள், சிறுநீர் பின்னோக்கி ஏறும் ரிஃப்ளக்ஸ் உள்ள பிள்ளைகள் ஆகியோரின் படங்கள். இப்போது ரிப்போர்ட்டில் "இடது மேல்முனையில் ஏற்பு குறைவு" என்று ஒரு வரியும், இரண்டு சிறுநீரகங்களும் ஏற்றதில் இடம் வலம் பங்கு 46, 54 சதவீதம் என்று ஓர் எண்ணும் வருகின்றன. அந்த வரியையும் எண்ணாக்கி, அடுத்த முறை எடுக்கும் படத்தோடு ஒப்பிட முடியுமா என்பதுதான் வேலை.

பின்பக்கப் படத்தில் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகச் சிறுநீரக எல்லையையும் தழும்பையும் வரைந்து கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்து யூ-நெட் மாடல் (படத்தில் பகுதிகளைப் பிரித்து வரையும் நரம்பு வலை) ஒன்றைப் பழக்கினோம். சிறுநீரக எல்லைக்கு டைஸ் (இரண்டு வரைவுகள் எவ்வளவு பொருந்துகின்றன என்ற மதிப்பெண், முழுப் பொருத்தம் 1) 0.95 வருகிறது. தழும்புக்கு 0.6-ஐத் தாண்டமாட்டேன் என்கிறது. பழைய பாணியில், உச்சக் கவுன்ட்டில் (ஒரு பிக்சலில் பதிந்த எண்ணிக்கை) 50 சதவீதத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் தழும்பு என்று வெட்டிப் பார்த்தால் சில படங்களில் இதைவிட நன்றாக வருகிறது, சிலவற்றில் முழுச் சிறுநீரகமே தழும்பாகிவிடுகிறது. படங்கள் பாக்ஸ் (மருத்துவமனைப் படச் சேமிப்பு) சர்வரிலிருந்து பிஎன்ஜி-யாக இறக்கியவை. 512-க்கு 512 ஆகப் பெரிதாக்கி, சிஎல்ஏஹெச்இ (பகுதி பகுதியாக வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டும் வழி) போட்டு மாடலுக்குக் கொடுக்கிறோம்.

0.6 என்பது மாடலின் குறையா, அளவுகோலின் குறையா? த்ரெஷோல்டு (வெட்டுப்புள்ளி) வைத்து வெட்டுவதென்றால் எதை 100 சதவீதமாக வைத்துக்கொள்வது? கடைசியில் மருத்துவருக்கு எந்த எண்ணைக் கொடுத்தால் உபயோகப்படும்: பரப்பா, சதவீதமா, வேறு ஏதாவதா?

காமாக்கண்

முதல் காரியமாக அந்த பிஎன்ஜி-க்களைத் தூக்கி ஓரமாக வையுங்கள். காமா கேமரா படத்தில் ஒவ்வொரு பிக்சலும் ஓர் எண்ணிக்கை: அந்த இடத்தில் இத்தனை போட்டான் விழுந்தது, அவ்வளவுதான். பிஎன்ஜி ஆக்கும்போது யாரோ திரையில் வைத்திருந்த விண்டோ அளவு (எந்தக் கவுன்ட் கறுப்பு, எது வெள்ளை என்ற திரை அமைப்பு) அதோடு ஒட்டிக்கொண்டுவிடும். மேல்பகுதி வெளுத்துப்போயிருந்தால் புறணியின் உச்சக் கவுன்ட் எவ்வளவு என்பது நிரந்தரமாகப் போயிற்று. அதன்மேல் சிஎல்ஏஹெச்இ வேறு. அது அக்கம்பக்கத்தைப் பார்த்து மங்கலானதைத் தூக்கி நிறுத்தும். தழும்பு என்பதே அக்கம்பக்கத்தைவிட மங்கலாக இருப்பதுதான். நீங்கள் அளக்க வேண்டியதை நீங்களே அழித்துவிட்டு அளக்கிறீர்கள்.

மூல டைகாம் கோப்பை (மருத்துவப் படங்களின் பொதுக் கோப்பு வடிவம்) வாங்குங்கள். பிக்சல் அளவு (0028,0030) என்ற டேக்-இல் இருக்கும், ஃப்ரேம் நேரம் (0018,1242)-இல் மில்லிசெகண்டில் இருக்கும். பின்பக்கம், முன்பக்கம், இரண்டு சாய்வுகள் எல்லாம் ஒரே கோப்பில் ஃப்ரேம்களாக அடுக்கியிருப்பது சகஜம். வரிசை கேமராவுக்குக் கேமரா மாறும். "முதல் ஃப்ரேம்தான் பின்பக்கம்" என்று எழுதிவைத்தால் ஒருநாள் முன்பக்கப் படத்தில் வலதை இடது என்று சொல்லும். பெரிதாக்கிய படத்தில் மாஸ்க் (எல்லையின் உட்பகுதியைக் குறிக்கும் வரைவு) வரையலாம், அளக்கக் கூடாது. மாஸ்க்கை மூலக் கட்டத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து அங்கே கவுன்ட்டைக் கூட்டுங்கள். பெரிதாக்கும்போது நடக்கும் இடைச்செருகலில் கூட்டுத்தொகை மாறிவிடும்.

இனி உங்கள் 50 சதவீத வெட்டு. கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். கைக்குழந்தையின் சிறுநீரகம் 6 செமீ நீளம், 3 செமீ அகலம் என்று வையுங்கள். நீள்வட்டப் பரப்பு சுமார் 1,414 சதுர மிமீ. அதில் 60,000 கவுன்ட் விழுந்திருக்கிறது. பிக்சல் 1 மிமீ என்றால் 1,414 பிக்சல், பிக்சலுக்கு 42 கவுன்ட். பாய்சான் இரைச்சல் (எண்ணிக்கையில் தற்செயலாக வரும் ஏற்ற இறக்கம்) √42, அதாவது 6.5, கிட்டத்தட்ட 15 சதவீதம். ஆயிரத்து நானூறு பிக்சலில் மிக உயர்ந்த ஒன்று சராசரிக்கு மேலே மூன்று சிக்மாவை, அதாவது அந்த 6.5-இன் மூன்று மடங்கை, தாண்டி, 63 பக்கம் நிற்கும். அதில் பாதி 31. உண்மை மட்டமான 42-க்கு அது 75 சதவீதம். அப்படியானால் ஒரு துளி தழும்பும் இல்லாத, முற்றிலும் சீரான சிறுநீரகத்திலேயே 60 பிக்சலுக்கு மேல் "தழும்பு" என்று சிதறலாக விழும்.

அதே படத்தை 2×2 ஆகக் கூட்டிப் பாருங்கள். 353 பிக்சல், பிக்சலுக்கு 170, இரைச்சல் 13. உச்சம் 208 பக்கம், அதில் பாதி 104. உண்மை மட்டத்திலிருந்து ஐந்து சிக்மா கீழே. ஒரு பிக்சல்கூட தவறி விழாது. மாடலும் இல்லை, மந்திரமும் இல்லை. உச்சம் என்ற ஒற்றைப் பிக்சலை நம்பாதீர்கள். லேசாக மென்மையாக்கி, சிறுநீரகத்துக்குள் மேல் 10 சதவீதப் பிக்சல்களின் சராசரியை 100 என்று வையுங்கள்.

முழுச் சிறுநீரகமும் தழும்பாகிவிடும் படங்களில் உச்சத்தை எங்கிருந்து எடுக்கிறது என்று பாருங்கள். முழுப் படத்திலிருந்து எடுத்தால் ஊசி போட்ட கை, சிறுநீர்ப்பை, நனைந்த டயப்பர் எதுவும் உச்சமாகலாம். இரண்டு சிறுநீரகத்துக்கும் சேர்த்து எடுத்தாலும் வம்பு. வேலை குறைந்த பக்கம் மொத்தமாக வெட்டுக்குக் கீழே போய்விடும்.

படம் எடுத்த முறையையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டு 2 முதல் 4 மணி நேரம் கழித்து எடுத்ததா. 140 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டை மையமாக வைத்து 20 சதவீத ஆற்றல் விண்டோவா. உயர் நுணுக்கக் கொலிமேட்டரா (கேமரா முன் இருக்கும் ஈயச் சல்லடை). 256×256 கட்டமா, ஜூம் எவ்வளவு. ஒரு பிள்ளைக்கு முதல் வருகையில் ஜூம் 2, அடுத்ததில் 1.5 என்றால் பிக்சல் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் புண்ணியமில்லை.

மாஸ்க்_வேலை

காமாக்கண் சொன்னது படத்தைப் பற்றி. நான் 0.6-க்கு வருகிறேன்.

டைஸ் சின்னப் பொருளைக் கொடுமையாக அடிக்கும். 25 பிக்சல் ஆரமுள்ள வட்டத்தை, சுற்றிலும் ஒரே ஒரு பிக்சல் உள்ளே தள்ளி வரைந்தால் டைஸ் 0.96. அதே ஒரு பிக்சல் தவறு 4 பிக்சல் ஆர வட்டத்தில் நடந்தால் 0.72. சிறுநீரகத்துக்கு 0.95, தழும்புக்கு 0.6 என்ற வித்தியாசத்தில் பெரும்பகுதி இதுதான். உங்களிடம் இரண்டு மருத்துவர்களின் வரைவு இருக்கிறதே, அவர்கள் இருவருக்குமிடையே தழும்பு டைஸ் எவ்வளவு? அதுதான் கூரை. அவர்களுக்குள்ளேயே 0.6 என்றால் மாடல் அதற்குமேல் போனால்தான் சந்தேகப்பட வேண்டும். இரண்டையும் ஒட்டி ஒரே மாஸ்க் ஆக்காமல், இருவரும் சேர்ந்த இடத்துக்கு 1, ஒருவர் மட்டும் வரைந்த இடத்துக்கு 0.5 என்று மென்மையான லேபிளாகக் கொடுத்துப் பழக்குங்கள். தழும்பின் விளிம்பு நிஜமாகவே மங்கலானது, கோடு போட்டுச் சொல்வதற்கில்லை.

தழும்பே இல்லாத படங்களை டைஸ் சராசரியில் எப்படிச் சேர்க்கிறீர்கள் என்றும் பாருங்கள். இரண்டு மாஸ்க்கும் காலி என்றால் 0/0. அதை 1 என்று எடுத்தால் சராசரி ஏறும், 0 என்று எடுத்தால் விழும், விட்டுவிட்டால் வேறொன்று. மூன்றும் ஒரே மாடலுக்கு மூன்று மதிப்பெண். நல்ல சிறுநீரகங்களுக்குத் தனியாக, எத்தனையில் பொய்த் தழும்பு காட்டியது என்று எண்ணிக்கையாகச் சொல்வதே நேர்மை. டெஸ்ட் செட்டைப் பிள்ளைவாரியாகப் பிரியுங்கள், படவாரியாக அல்ல. ஒரே பிள்ளையின் இடது சிறுநீரகம் பயிற்சியிலும் வலது டெஸ்ட்டிலும் இருந்தாலும் கசிவுதான். இரண்டு வருடம் கழித்து எடுத்த மறுபடமும் அதே பக்கம்தான் போக வேண்டும்.

ஆனால் உங்கள் நிஜப் பிரச்சினை இது எதுவும் இல்லை. 0.95 என்று பெருமைப்படுகிறீர்களே, அந்தச் சிறுநீரக எல்லையில்தான் இருக்கிறது.

முனையில் ஆழமான தழும்பு இருந்தால் அங்கே புறணி சுருங்கி, ஓரமே உள்வாங்கிவிடும். மாடல் கண்ணுக்குத் தெரியும் ஓரத்தை ஒட்டிச் சமர்த்தாக வரையும். அப்போது சேதமான பகுதி எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. உள்ளே இருப்பதெல்லாம் நல்ல திசு. தழும்பு சதவீதம்: பூஜ்யம். லேசான, எல்லைக்குள் மங்கலாகத் தெரியும் தழும்புக்கு 8 சதவீதம் வரும், பாதி முனை போன சிறுநீரகத்துக்கு 3 வரும். தலைகீழ். பிழை எங்கே? தொகுதி சரி, பகுதி தவறு. இருக்கிற சிறுநீரகத்தால் வகுக்கிறீர்கள். இருந்திருக்க வேண்டிய சிறுநீரகத்தால் வகுக்க வேண்டும்.

அதற்கு இரண்டு எல்லை வேண்டும். ஒன்று தெரியும் எல்லை. மற்றொன்று எதிர்பார்க்கும் எல்லை: தழும்பில்லாத சிறுநீரகங்களின் வடிவங்களை ஒரே நீளத்துக்குக் கொண்டுவந்து, சராசரி வடிவமும் முதல் சில மாறுபாட்டுத் திசைகளும் எடுத்துவைத்து, புதிய படத்தில் நல்லபடியாக இருக்கும் ஓரத்தை மட்டும் வைத்துப் பொருத்துவது. குவிவு உறையை, அதாவது ஓரத்தைச் சுற்றி ரப்பர் வளையம் இழுத்துக் கட்டியது போன்ற எல்லையை, போட்டு நிரப்பலாமே என்று தோன்றும், வேண்டாம். உள்பக்கக் குழிவு இயற்கையானது, உறை அதையும் தழும்பாக்கிவிடும். போட்டே தீர வேண்டும் என்றால் வெளிப்பக்க ஓரத்துக்கு மட்டும் போடுங்கள்.

லாஸ் ஃபங்ஷன் (பயிற்சியில் மாடலின் தவறை அளக்கும் சூத்திரம்) பற்றி: வெறும் டைஸ் லாஸ், காலி மாஸ்க் படங்களில் ஆட்டம் காட்டும். பிக்சல் பிக்சலாகத் தவறை அளக்கும் கிராஸ்-என்ட்ரோபியோடு கூட்டிப் போடுங்கள். பயிற்சிப் படங்களைப் பெருக்க காஸியன் இரைச்சல் சேர்க்காதீர்கள். மூலக் கவுன்ட்டிலிருந்து பாய்சான் மறுமாதிரி எடுங்கள், இந்தக் கேமராவின் இரைச்சல் அப்படித்தான் இருக்கும். இடவலம் திருப்புவதென்றால் இடது, வலது லேபிளும் கூடவே மாறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பரிதி_நிரல்

மிக்க நன்றி. மூலக் கோப்புகளுக்குக் கேட்டிருக்கிறோம். எல்லையைப் பற்றிச் சொன்னது பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. மருத்துவர்களும் தெரிந்த ஓரத்தைத்தான் வரைந்திருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு. எதிர்பார்க்கும் எல்லைக்கு, அதே பிள்ளையின் மறுபக்கச் சிறுநீரகத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி வைத்தால் போதாதா? வயதுக்கேற்ற மாதிரி தானாகக் கிடைத்துவிடுமே. அடுத்து, இடம் வலம் பங்கை நிரலே போடட்டும் என்று பேக்ரவுண்டு (சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள திசுவின் கவுன்ட்) கழிக்காமல் கணக்கிட்டோம். ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணோடு 5, 6 புள்ளி இடிக்கிறது.

காமாக்கண்

இடிக்கத்தான் செய்யும். உதாரணம்: இடது ஆர்ஓஐ (அளக்க வரைந்த பகுதி) 420 பிக்சல், 52,000 கவுன்ட். வலது 300 பிக்சல், 24,000. கழிக்காமல் போட்டால் இடது 68.4, வலது 31.6. இப்போது சிறுநீரகத்தின் வெளிப்பக்கத்தை அணைத்து ஒரு பிறை வடிவ பேக்ரவுண்டு ஆர்ஓஐ போடுங்கள். இடதுபுறம் பிக்சலுக்கு 20 கவுன்ட், வலதுபுறம் கல்லீரல் பக்கம் என்பதால் 30. இடதிலிருந்து 8,400, வலதிலிருந்து 9,000 போகும். மிச்சம் 43,600, 15,000. பங்கு 74.4, 25.6. கழிக்காவிட்டால் கெட்ட சிறுநீரகம்தான் லாபம் பார்க்கும், ஏனென்றால் அதன் கவுன்ட்டில் பெரும்பங்கு சொந்தக் கவுன்ட்டே இல்லை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் சிறுநீரகம் முதிராததால் ஏற்பு குறைவு, பேக்ரவுண்டு அதிகம். இந்த விளையாட்டு இன்னும் பெரிதாகும்.

பேக்ரவுண்டு ஆர்ஓஐ சிறுநீரகத்தை ஒட்டி இருக்கக் கூடாது, ஒன்றிரண்டு பிக்சல் தள்ளி இருக்க வேண்டும். ஒட்டி இருந்தால் சிறுநீரகத்தின் மங்கல் வால் அதில் விழுந்து அதிகமாகக் கழிந்துவிடும். உள்பக்கம் போடாதீர்கள், அங்கே பெல்விஸ் (சிறுநீரகத்தில் சிறுநீர் வந்து சேரும் குழி) இருக்கிறது.

ஆழமும் உண்டு. 140 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் மென்திசு ஒரு சென்டிமீட்டருக்கு 11 முதல் 14 சதவீதம் விழுங்கும். சரிசமமான இரண்டு சிறுநீரகத்தில் ஒன்று மற்றதைவிட 1 செமீ கூடுதல் ஆழத்தில் இருந்தால் 53, 47 என்று வரும். 45 முதல் 55 வரை இயல்பு என்பதால் பெரும்பாலும் தலை தப்பும். இடம் மாறிய சிறுநீரகம், குதிரைலாடச் சிறுநீரகம், முதுகு வளைந்த பிள்ளை என்றால் முன்பக்கமும் எடுத்து, முன் × பின் பெருக்கி வர்க்கமூலம் போடுங்கள். ஜியோமெட்ரிக் சராசரி. முன்பக்க மாஸ்க்கைத் தனியாக வரைய வேண்டும், பின்பக்க மாஸ்க்கைத் திருப்பி ஒட்டினால் பொருந்தாது.

குட்டிச்_சிறுநீரகம்

மருத்துவப் பக்கத்திலிருந்து. கண்ணாடி பிம்ப யோசனைக்கு என் வாக்கு இல்லை. ரிஃப்ளக்ஸ் பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். இரண்டு பக்கமும் தழும்பு இருக்கும் பிள்ளைதான் நாம் முக்கியமாகக் கவலைப்பட வேண்டிய பிள்ளை. அவனுக்குப் பங்கு 50, 50 என்று அழகாக வரும், கண்ணாடியும் எல்லாம் சரி என்று சொல்லும். ஒரு பக்கம் மட்டும் சேதமானால், நல்ல சிறுநீரகம் ஈடுகட்டப் பெரிதாக வளர்ந்திருக்கும். அதை அளவுகோலாக வைத்தால் இழப்பு மிகையாகத் தெரியும். தவிர, இயல்பிலேயே இரண்டும் ஒரே அச்சு அல்ல.

நீளத்துக்கு ஒரு சரிபார்ப்பு சொல்கிறேன். ரோசன்பாம் குழு 1984-இல் கொடுத்த அல்ட்ராசவுண்ட் சூத்திரம்: ஒரு வயதுக்குள் 4.98 + 0.155 × மாதம்; அதற்குமேல் 6.79 + 0.22 × வயது. விடை சென்டிமீட்டரில். எட்டு மாதத்துக்கு 6.2, மூன்று வயதுக்கு 7.45. காமா படத்தில் ஓரம் வெட்டுப்புள்ளியைப் பொறுத்து நகரும் என்பதால் இதை நேராகப் போட்டுப் பொருத்தாதீர்கள். மாடல் எதிர்பார்க்கும் எல்லை இதிலிருந்து மிகவும் விலகினால் கொடி காட்டட்டும், அவ்வளவு போதும்.

உங்கள் மாடல் "தழும்பு" என்று சொல்லப்போகும் தழும்பல்லாதவை சில. இடது சிறுநீரகத்தின் மேல்-வெளி ஓரம் மண்ணீரல் அழுத்தத்தால் தட்டையாக இருக்கும். கருவில் இருந்த மடல்பிரிவு மிச்சமிருந்தால் ஓரத்தில் சீரான சின்னப் பள்ளங்கள் தெரியும். தழும்பில் பள்ளத்துக்கு நேர் கீழே ஏற்பும் குறையும், மடல்பிரிவில் குறையாது. முனைகள் முன்னோக்கியோ பின்னோக்கியோ சாய்ந்திருந்தால் மங்கலாகத் தெரியும். வீங்கிய பெல்விஸ், நடுவில் பெரிய இருட்டாகத் தெரியும். அது புறணி இழப்பு அல்ல. எதிர்த்திசையில் ஒரு வம்பு: அடைப்புள்ள சிறுநீரகத்தில் வெளியேறிய கொஞ்ச மருந்து பெல்விஸில் தேங்கி, கெட்ட சிறுநீரகத்தின் பங்கைக் கூட்டிக் காட்டும். அப்படிப்பட்ட படத்தை நிரல் தானாக அளக்காமல் தனியே ஒதுக்கட்டும். தாமதித்து இன்னொரு படம் எடுத்துப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரியது, ஸ்கேன் எடுத்த தேதி. தொற்று நடக்கும்போதோ அடங்கிய உடனேயோ எடுத்த படத்தில் தெரிவது வீக்கமாகவும் இருக்கலாம், அது ஆறும். தழும்பு என்று பெயர் வைக்க 4 முதல் 6 மாதமாவது கழிந்திருக்க வேண்டும். உங்கள் பயிற்சித் தொகுப்பில் இரண்டு வகையும் ஒரே லேபிளோடு கலந்திருக்கிறதா? கடைசித் தொற்றுத் தேதி இல்லாத படத்தைச் சேர்க்காதீர்கள்.

எந்த எண் உபயோகம் என்ற கேள்விக்கு. 2014-இல் வெளிவந்த ரிவர் ஆய்வு (607 பிள்ளைகள், ரிஃப்ளக்ஸ், தடுப்பு ஆன்டிபயாட்டிக்) ஒவ்வொரு சிறுநீரகத்தையும் 12 துண்டாகப் பிரித்து, எத்தனை துண்டு பாதிக்கப்பட்டது என்று எண்ணித்தான் தரம் பிரித்தது. கரடுமுரடான அளவுதான், ஆனால் இரண்டு பேர் பார்த்தாலும் ஏறக்குறைய ஒத்துப்போகும். உங்கள் நிரலும் துண்டுவாரியாக ஒரு வரி கொடுத்துவிட்டு, அதன் கீழே சதவீதத்தைக் கொடுக்கட்டும். வெறும் "11.3 சதவீதம்" என்று வந்தால் எங்கே, எந்த முனை என்று தெரியாமல் யாரும் அதை நம்பமாட்டார்கள்.

மாஸ்க்_வேலை

கண்ணாடி விஷயத்தில் ஒரு சின்ன மறுப்பு. வடிவத்துக்கு வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஏற்பு மட்டத்துக்கு மறுபக்கம் உபயோகப்படும்: மறுபக்கம் தெளிவாக நன்றாக இருக்கும் பிள்ளைகளில், மேல், நடு, கீழ் என்று ஏற்பு எப்படி விழுகிறது என்பதற்கு அதைவிட நல்ல மாதிரி இல்லை, அதே கேமரா, அதே நேரம், அதே உடம்பு. நன்றாக இருக்கிறதா என்று மருத்துவர் டிக் செய்த பிறகு மட்டும் நிரல் அதை எடுத்துக்கொள்ளட்டும்.

எந்த எண் என்பதற்கு என் பதில், பரப்பைவிட இழப்பு. எதிர்பார்க்கும் எல்லைக்குள் ஒவ்வொரு பிக்சலுக்கும் எதிர்பார்க்கும் கவுன்ட்டிலிருந்து கிடைத்த கவுன்ட்டைக் கழித்து, கழித்து வந்தது பூஜ்யத்துக்கு மேல் இருக்கும் தழும்புப் பகுதியில் மட்டும் கூட்டி, எதிர்பார்க்கும் மொத்தத்தால் வகுங்கள். 10 சதவீதப் பரப்பில் ஏற்பு பாதியாகக் குறைந்த தழும்பும், 5 சதவீதப் பரப்பில் ஏற்பே இல்லாத தழும்பும் இதில் ஒரே 5 ஆக வரும். பரப்பில் ஒன்று மற்றொன்றின் இரண்டு மடங்கு. வெட்டுப்புள்ளியை 50-லிருந்து 55 ஆக்கினால் பரப்பு துள்ளும், இழப்பு கொஞ்சம்தான் அசையும். விளிம்புப் பிக்சல்கள் எடை குறைந்தவை என்பதால். பேக்ரவுண்டைக் கழித்த பிறகே இதைச் செய்ய வேண்டும்.

ஒரு வரம்பு உண்டு. இது தட்டைப் படம். பின்பக்கத் தழும்பின்மேல் முன்பக்கப் புறணியின் கவுன்ட்டும் விழுந்திருக்கும், ஆகவே பூஜ்யம் என்று ஒருபோதும் தெரியாது. முன்பக்கத் தழும்பு பின்பக்கப் படத்தில் பாதி மறைந்திருக்கும். சாய்வுப் படங்களில் தெரிவதைப் பின்பக்கத்தில் தெரிவதோடு கூட்டிவிடாதீர்கள், ஒரே தழும்பை இரண்டு முறை எண்ணுவீர்கள். பின்பக்கத்தில் எண், சாய்வில் இருக்கிறதா இல்லையா என்ற உறுதிப்பாடு மட்டும். ஸ்பெக்ட் (கேமரா சுற்றி வந்து எடுக்கும் முப்பரிமாணப் படம்) எடுத்தால் இது தீருமே என்றால், அசையாமல் படுக்கும் பிள்ளைக்குத்தான் தீரும்.

சதுர மில்லிமீட்டர் பரப்பையும் சதவீதத்தையும் சேர்த்தே வெளியிடுங்கள். பிள்ளை வளரும், நல்ல பகுதியும் வளரும், தழும்பு அப்படியே நிற்கும். சதவீதம் மட்டும் பார்த்தால் ஆறிவிட்டது போல இருக்கும்.

அலை_ஒலி

குறுக்கே வருகிறேன். எங்களிடம் அல்ட்ராசவுண்ட் படங்கள்தான், ஹைட்ரோநெஃப்ரோசிஸ் (சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்குவது) உள்ளவர்களுடையவை. இதே மாதிரி இரண்டு மாஸ்க் போட்டு அளக்க முடியுமா?

மாஸ்க்_வேலை

முடியும், அது இதைவிட எளிது. நீளவாட்டுப் படத்தில் முழுச் சிறுநீரகத்துக்கு ஒரு மாஸ்க், வீங்கிய பெல்விஸ், கேலிக்ஸ்களுக்கு (பெல்விஸில் திறக்கும் கிண்ணங்கள்) ஒரு மாஸ்க். (மொத்தப் பரப்பு − வீக்கப் பரப்பு) ÷ மொத்தப் பரப்பு × 100. இதுதான் ஹைட்ரோநெஃப்ரோசிஸ் இண்டெக்ஸ். விகிதம் என்பதால் மில்லிமீட்டர் தெரியாவிட்டாலும் வரும். பெல்விஸின் முன்பின் விட்டம் வேண்டுமென்றால் அது குறுக்குவாட்டுப் படத்தில், மில்லிமீட்டரில் வேண்டும். அல்ட்ராசவுண்டில் அளவு (0028,0030)-இல் பெரும்பாலும் இருக்காது, (0018,6011) என்ற பகுதி வரிசைக்குள் பிசிகல் டெல்டா எக்ஸ், ஒய் என்று இருக்கும், சென்டிமீட்டரில். அலகுக் குறி 3 என்று இருக்கிறதா பாருங்கள். ஒரே திரையில் இரண்டு படம் ஒட்டியிருந்தால் இரண்டு பகுதிக்கும் அளவு வேறாக இருக்கலாம். மருத்துவர் வைத்த அளவைப் புள்ளிகளும் கோடுகளும் படத்தில் பதிந்திருந்தால் மாடல் சிறுநீரகத்தைப் பார்க்காமல் அந்தப் புள்ளிகளைப் பார்த்துப் படித்துவிடும். புள்ளியில்லாத படங்களையே பயிற்சிக்கு எடுங்கள்.

குட்டிச்_சிறுநீரகம்

கூடவே ஒன்று: சிறுநீர்ப்பை நிறைந்திருந்ததா, காலியா என்று குறித்துக்கொள்ளுங்கள். நிறைந்த பை, நீர் நன்றாக ஏறிய உடம்பு, இரண்டும் பெல்விஸைப் பெரிதாக்கிக் காட்டும். அல்ட்ராசவுண்டை வைத்துத் தழும்பை அளக்கப் போகாதீர்கள். சின்னத் தழும்புகள் அதில் தப்பிவிடும்.

பரிதி_நிரல்

கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன். முதல் ஸ்கேனில் இழப்பு 6, அடுத்ததில் 9 என்று நிரல் சொன்னால், அது நிஜமாகவே கூடியதா, இரைச்சலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரே பிள்ளைக்கு இரண்டு முறை ஊசி போட்டு எடுத்துப் பார்க்க முடியாதே.

காமாக்கண்

ஊசியே வேண்டாம். இனிமேல் எடுக்கும் படங்களை 5 நிமிடம் ஒரே மூச்சில் எடுக்காமல், 10 செகண்டுக்கு ஒன்றாக 30 ஃப்ரேம் எடுக்கச் சொல்லுங்கள். கூட்டினால் அதே பழைய படம்தான், கதிர்வீச்சில் ஒரு மாற்றமும் இல்லை. பிள்ளை நடுவில் நெளிந்தால் அந்த ஃப்ரேம்களை நகர்த்திச் சீராக்கலாம் அல்லது எறியலாம். 5 நிமிடப் படத்தில் நெளிந்தால் ஓரம் இரட்டையாகி, புறணி தடித்துத் தெரிந்து, தழும்பு மூடிப்போகும்.

அந்த 30-இல் ஒற்றைப்படை ஃப்ரேம்களை ஒரு படமாகவும் இரட்டைப்படை ஃப்ரேம்களை இன்னொரு படமாகவும் கூட்டுங்கள். ஒரே பிள்ளை, ஒரே படுக்கை, தனித்தனி இரைச்சல் கொண்ட இரண்டு அரைப் படங்கள். முழு நிரலையும், மாஸ்க் உட்பட, இரண்டிலும் ஓட்டி இழப்பின் வித்தியாசத்தை எடுங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து அந்த வித்தியாசத்தின் திட்ட விலக்கம் 2 புள்ளி என்று வந்தால், முழுக் கவுன்ட் படத்தின் பிழை அதில் பாதி, 1. (அரைக் கவுன்ட்டால் இரைச்சல் √2 மடங்கு, இரண்டைக் கழிப்பதால் இன்னொரு √2.) இரண்டு முழு ஸ்கேன்களுக்கிடையே 95 சதவீத எல்லை 2.77 × 1, அதாவது 2.8 புள்ளி. அப்போது 6-லிருந்து 9 மயிரிழையில் தாண்டுகிறது.

ஆனால் இது கவுன்ட் இரைச்சலை மட்டும் சொல்கிறது. இரண்டாவது வருகையில் பிள்ளை கொஞ்சம் புரண்டு படுத்திருப்பான், கேமரா ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருந்திருக்கும், சிறுநீரகம் வளர்ந்து சாய்ந்திருக்கும். அதெல்லாம் மேலே சேரும். அதனால் 2.8-ஐ நிரலில் கீழ்வரம்பாக மட்டும் வையுங்கள்: அதற்குக் குறைந்த மாற்றத்துக்கு "மாற்றம் தெரியவில்லை" என்று எழுதட்டும், கூடிய மாற்றத்துக்கு இரண்டு படங்களையும் ஒரே அளவுகோலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மருத்துவரிடம் காட்டட்டும். வித்தியாசம் பிள்ளையின் அளவைப் பொறுத்து மாறும், கைக்குழந்தைகளுக்குத் தனியாகவும் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனியாகவும் கணக்கிடுங்கள்.

பரிதி_நிரல்

ஃப்ரேம் முறையை ஸ்கேன் அறையில் சொல்லிவிட்டோம். பழைய படங்கள் ஒரே மூச்சில் எடுத்தவை, அவற்றுக்கு?

காமாக்கண்

பழையவற்றில் ஒவ்வொரு பிக்சலின் கவுன்ட்டையும் நாணயம் சுண்டுவது மாதிரி பாதிப்பாதியாகப் பிரித்துவிடுங்கள், பைனாமியல், நிகழ்தகவு 0.5. பாய்சான் எண்ணிக்கையை அப்படிப் பிரித்தால் இரண்டு பாதியும் ஒன்றையொன்று சாராத பாய்சானாகவே இருக்கும். அசைவு மட்டும் இதில் தெரியாது. மூலக் கவுன்ட் முழு எண்ணாக இருந்தால்தான் இது செல்லும். மென்மையாக்கிச் சேமித்த படத்தில் செல்லாது, பிஎன்ஜி-யில் செல்லவே செல்லாது.